மங்கையரும் மைதானமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டத்தில், சர்வகலாசாலை மாணவி ஒருவர் நிகழ்த்திய உரை)



இவ்வருட விழாவிலே இளைஞர் சார்பில் ஒருவர் பேசவேண்டுமென்று செயலாளர் ஐயா கேட்டபோது, பொருளை நாமே தெரிந்துகொள்ளலாம் என்றும் அன்போடு சொன்னார். திருக்குறளையோ பெரிய புராணத்தையோ தெரிந்துகொள்வோம் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அந்நூல்களிலே ஆழ்ந்த பெரியோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, மிஷன் பாடசாலையிலே படித்துவந்த நாம் அவற்றை எடுத்துப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆகவே நமக்குச் சற்றே பழக்கமான பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அது பெண்களின் பந்தாட்டம். இதைக் கேட்டுச் சில அண்ணாமார் புன்னகை செய்கிறார்கள். செய்யட்டும். பேசி முடிக்கும்போது அந்தப் புன்னகை எங்கே போகிறதென்று பார்ப்போம்.

2022 ஆம் ஆண்டை நாம் எவரும் இலகுவில் மறக்கமாட்டோம். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வீதியோரத்தில் வரிசையாக நின்ற ஆண்டு அது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, துபாயிலே நமது கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. அன்றிரவு வெடியோசை கேட்காத ஒழுங்கை வெள்ளவத்தையில் இல்லை. அதே நாளில், சிங்கப்பூரிலே, நமது நாட்டுப் பெண்கள் வலைப்பந்தாட்டத்தில் சிங்கப்பூரை 63 க்கு 53 என்ற கணக்கில் வென்று ஆசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார்கள். அது அவர்கள் பெற்ற ஆறாவது ஆசிய வெற்றி. 1989, 1997, 2001, 2009, 2018 ஆகிய ஆண்டுகளிலும் அவர்களே வென்றிருந்தார்கள்.

இவ்வுரையை ஆயத்தஞ் செய்தபோது, எம்முடன் படிக்கும் பத்துப் பேரிடம் அந்தப் பெண்கள் அணியில் ஆடியவர்களின் பெயரைக் கேட்டோம். கிரிக்கெட் அணியின் பதினொருவரையும் வரிசை தவறாமல் ஒப்புவித்தவர்கள், வலைப்பந்து அணியில் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார்கள். அப்பெயருக்குப் பின்னர் வருவோம். முதலில் இந்த ஆட்டம் பிறந்த கதையைச் சொல்லவேண்டும். ஏனெனில் அக்கதை நம்மைப் போன்ற ஒரு வாலிபர் சங்கத்திலேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே ஸ்பிரிங்பீல்ட் என்றோர் ஊர். அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா தேசத்து ஆசிரியர் இருந்தார். 1891 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், வெளியே உறைபனி. உள்ளே அடங்கமாட்டாத வாலிபர் பதினெட்டுப் பேர். மண்டபத்துக்குள் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை உண்டாக்கும்படி மேலதிகாரி பணித்தார். நெய்ஸ்மித் இரண்டு பெட்டிகள் கேட்டார்; காவலாளியோ பெட்டியில்லையென்று பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை மண்டபத்தின் இருபுறமும் பத்தடி உயரத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்தாட்டம் பிறந்தது. கூடைக்கு அடிப்பாகம் இருந்தபடியால், ஒவ்வொரு முறையும் பந்தை எடுக்க ஒருவர் ஏணியில் ஏறவேண்டியிருந்ததாம். பெருங்காரியங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

அடுத்த ஆண்டிலேயே பெண்கள் அதனை ஆடத் தொடங்கினார்கள். அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியிலே தேகாப்பியாசம் கற்பித்த செண்டா பெரன்சன் என்னும் பெண்மணி அதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். 1893 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆந் திகதி அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவிகள் ஒருவரோடொருவர் மோதினர். ஆண்கள் எவரும் உள்ளே பார்வையாளராக அனுமதிக்கப்படவில்லை. பெண்களின் உடல் தாங்காது, நாணம் கெடும் என்றெல்லாம் அக்காலத்து அமெரிக்கப் பெரியோரும் அஞ்சினார்கள். கட்டுப்பாடும் அச்சமும் கீழைத்தேசத்துக்கே உரியவை என்று நினைப்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்த அச்சத்தைத் தணிக்கப் பெரன்சன் அம்மையார் விதிகளை மாற்றினார். மைதானத்தைக் கோடுகளால் மூன்று பகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குள் கால் வைக்கலாகாது. பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கலாகாது. பிறர் கையிலிருந்து பறிக்கலாகாது. அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கோடு கீறியேனும் பெண்களை மைதானத்துள் கொண்டுவந்தவர் அவர். ஆனால் கோடு கோடுதான். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆண்களைப் போல ஐவராக, மைதானம் முழுவதும் ஓடியாடும் விதியைப் பெறுவதற்கு 1971 ஆம் ஆண்டுவரை காத்திருந்தார்கள். ஒலிம்பிக் போட்டியில் ஆண்களின் கூடைப்பந்தாட்டம் 1936 இல் இடம்பெற்றது. பெண்களுக்கு அவ்விடம் கிடைத்தது 1976 இல். இடையே நாற்பது ஆண்டுகள்!

இதற்கிடையில் பெண்களின் அந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய், 1901 இல் தனி விதிகளோடு வலைப்பந்தாட்டமாயிற்று. பின்னர் பிரித்தானியர் ஆண்ட நாடெல்லாம் பரவிற்று. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை அதற்குப் ‘பெண்கள் கூடைப்பந்தாட்டம்’ என்றே பெயர். நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டமையால், அவற்றை ஒன்றாக்குதற்கு 1960 இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஒன்றுகூடினார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? இலண்டனிலன்று, நமது இலங்கையிலே! 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது, பங்குபற்றிய பதினொரு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆகவே இது நமக்குப் புதிதாக வந்த விருந்தாளியன்று. வீட்டுக்குள்ளே நெடுங்காலமாக இருந்தும் நாம் முகங்கொடுத்துப் பேசாத உறவு.

நிற்க. இனி அமெரிக்காவின் பெண்கள் தொழின்முறைக் கூடைப்பந்தாட்ட இறுதித் தொடரைப் பற்றிச் சில வார்த்தைகள். தொழின்முறை ஆட்டம் என்பது ஆடுவதையே சீவனோபாயமாகக் கொண்டோரின் ஆட்டம். அந்நாட்டில் இன்றுள்ள பெண்கள் சம்மேளனத்தின் போட்டிகள் 1997 இல் ஆரம்பமாயின. அவ்வாண்டு ஆகஸ்ட் 30 ஆந் திகதி நடந்த இறுதியாட்டத்தில் ஹூஸ்டன் கொமெற்ஸ் அணி நியூயோர்க் லிபேர்ட்டி அணியை 65 க்கு 51 என வென்றது. அவ்வருட இறுதிப் போட்டி அந்த ஒரேயோர் ஆட்டந்தான். அடுத்த ஆண்டில் மூன்று ஆட்டங்களுள் இரண்டை வெல்பவருக்கே கிண்ணம் என்றார்கள். 2005 இல் அது ஐந்து ஆட்டத் தொடராயிற்று. 2025 இல் ஏழு ஆட்டத் தொடராயிற்று. அத்தொடரில் லாஸ் வேகாஸ் ஏசஸ் அணி பீனிக்ஸ் மேர்க்குரி அணியை நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்றது.

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இந்த எண்களைச் சற்றுச் சிந்தியுங்கள். ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் வெல்லலாம். தொடரிலோ குணந்தான் வெல்லும். இன்று தோற்றவள் நாளை மறுநாள் திரும்பிவந்து நிற்கிறாள். வென்றவள் தன் வெற்றியை மீண்டும் நிரூபிக்க வேண்டியவளாகிறாள். ஒருவருக்கு ஒரு தொடரைக் கொடுப்பதென்றால், ‘உனக்கு அடுத்த ஆட்டமும் உண்டு’ என்று நம்பிச் சொல்வதாகும்.

அடுத்த ஆட்டத்தின் அருமைக்கு ஓர் உதாரணம். 1999 ஆம் ஆண்டு, அதே இரு அணிகள். ஹூஸ்டன் அணி முதலாட்டத்தை வென்றுவிட்டது. செப்டெம்பர் 4 ஆந் திகதி இரண்டாவது ஆட்டம், ஹூஸ்டன் நகரிலேயே. 67 க்கு 65 என ஹூஸ்டன் முன்னிற்க, எஞ்சியிருந்தது 2.4 விநாடி. வெற்றி விழாவுக்கென்று கட்டிவைத்த வண்ணக் கடதாசித் துண்டுகள் மேலிருந்து விழவும் தொடங்கிவிட்டன. அவ்வேளையில் நியூயோர்க் அணியின் ரெரேசா வெதர்ஸ்பூன் பந்தைப் பெற்று, மைதானத்தின் நடுக்கோட்டருகிலிருந்து வீசினார். பந்து பலகையில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. 68 க்கு 67. மண்டபம் வாயடைத்துப் போயிற்று.

கதை இதோடு முடிந்தால் அது வெறும் அதிசயம். மறுநாள் மூன்றாவது ஆட்டம் இருந்தது. ஹூஸ்டன் அணியின் பெண்கள் அக்காலத்தில் பெருந் துக்கத்தில் இருந்தவர்கள். அவர்களோடு ஆடிய கிம் பெரோட் என்னும் தோழி நுரையீரற் புற்றுநோயினால் ஆகஸ்ட் 19 ஆந் திகதிதான் காலமானார். தோழியை இழந்த துக்கம் ஒரு பக்கம். கைக்கு வந்த கிண்ணம் நழுவிய துக்கம் மறு பக்கம். அப்படியிருந்தும் அவர்கள் மறுநாள் களமிறங்கி 59 க்கு 47 என்று வென்றார்கள். தோற்ற நியூயோர்க் அணியோ 2000, 2002, 2023 என மேலும் மூன்று முறை இறுதிவரை வந்து தோற்றது. 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆந் திகதி, ஐந்தாவது ஆட்டத்தில், மேலதிக நேரமும் ஆடி, மினசோட்டா லிங்ஸ் அணியை 67 க்கு 62 என வென்றபோதுதான் முதற் கிண்ணம் அவர்கள் கைக்கு எட்டியது. ஐந்து இறுதிகளில் தோற்று ஆறாவதில் வென்றார்கள். விடாமுயற்சி என்று பாடசாலையிலே கட்டுரை எழுதுகிறோமே, அது இதுதான்.

இனி, எம் தோழர்கள் சொன்ன அந்த ஒரே பெயருக்கு வருவோம். தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன், ஈவினையிலே பிறந்தவர். கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. உயரம் ஆறடி பத்து அங்குலம். சிறுவயதில் அந்த உயரத்தைப் பலர் கேலி செய்தார்கள் என்பதை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். நமது ஊரிலே ஒரு பெண்பிள்ளை சற்று வளர்ந்துவிட்டால் என்னென்ன பேச்சுப் பிறக்கும் என்பதை இங்குள்ள தாய்மார் அறிவார்கள். ‘இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?’ என்பதுதானே முதற் கேள்வி! அந்த உயரமே நாட்டுக்கு உயர்வாயிற்று. 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆசிய வெற்றிகளிலும் அவருக்குப் பங்குண்டு. அவுஸ்திரேலியாவுக்குச் சென்று விக்டோரியா மாநிலப் போட்டிகளிலும் ஆடினார். 2019 இல் லிவர்பூல் நகரிலே நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் நமது அணி பின்வரிசையில்தான் நின்றது. ஆனால் உலகத்து வீராங்கனைகள் எல்லாருள்ளும் அதிக கோல்களைப் போட்டவர் அவரே. 348 கோல்கள்! அவர் உயர்த்திய கைக்குப் பந்தைச் சேர்த்த தோழியர் பெரும்பாலும் சிங்களச் சகோதரிகள் என்பதையும் மறக்கலாகாது. பந்து கைமாறுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

இங்கே பெரியோர் ஒருவர் கேட்கலாம்: ‘பிள்ளை, ஆட்டம் தேகத்துக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறோம். அதற்குச் சம்பளம் வாங்குவது முறையா? விளையாட்டு வியாபாரமாகிவிடாதா?’ நியாயமான கேள்வி. பதிலை நமது கோயில் வீதியிலேயே காணலாம். திருவிழாவுக்கு நாதசுரக் கோஷ்டியை அழைக்கிறோம். வித்துவானுக்கும் தவில்காரருக்கும் பேசிய தொகையைக் கொடுக்கிறோம். அதனால் அவர்களுடைய கலையை விலைபேசிவிட்டோம் என்று எவரும் சொல்வதில்லை; கொடுக்காவிட்டாற்றான் பழி. நாள்முழுதும் சாதகஞ் செய்பவர் எதை உண்டு சீவிப்பார்? ஆட்டக்காரிக்கும் அதே நியாயந்தான்.

உண்மையைச் சொன்னால், அமெரிக்காவிலும் இந்த நியாயம் முற்றாகக் கிடைத்துவிடவில்லை. 2024 இல் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட கெயிற்லின் கிளார்க் என்னும் புகழ்பெற்ற வீராங்கனைக்கு முதலாண்டுச் சம்பளம் 76,535 டொலர். அதற்கு முந்திய ஆண்டில் ஆண்கள் பக்கத்தில் முதலாவதாகத் தெரிவான வீரருக்கோ ஒரு கோடியே இருபது இலட்சம் டொலருக்கு மேல். நூற்றைம்பது மடங்குக்கும் அதிகம்! பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். ஆனால் அதே கிளார்க் மாணவியாக ஆடிய 2024 ஆம் ஆண்டுக் கல்லூரி இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோர் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பத்தொன்பது இலட்சம் பேர். அவ்வருட ஆண்கள் இறுதியாட்டத்தைக் கண்டோர் அதனிலும் குறைவு. 2025 இல் தொழின்முறை வீராங்கனைகள் தமக்குரியதைத் தரும்படி மேற்சட்டையிலேயே எழுதி அணிந்து மைதானத்துக்கு வந்தார்கள். கேட்டாற்றான் கிடைக்கும் என்பது அங்கும் விதி.

அமெரிக்காவை விட்டு இனி நமது ஒழுங்கைக்குத் திரும்புவோம்.

மிஷன் பாடசாலையிலே எம்முடன் வலைப்பந்து ஆடிய தோழி ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். கோல் போடும் இடம் அவளுடையது. பாடசாலை விட்டதும், மற்றவர்கள் வீட்டுக்குப் போக, அவள் மட்டும் வளையத்தின் கீழ் நின்று நூறு முறை பந்தெறிவாள். நூறு முடியாமல் வண்டியேறமாட்டாள். சாதாரண தரப் பரீட்சை வந்தது. வீட்டிலே, ‘விளையாடினது போதும்’ என்றார்கள். மாலை நேரமெல்லாம் ரியூசன் வகுப்பு. வெயிலில் நின்றால் நிறம் கறுத்துவிடும் என்றார் பாட்டியார். கைகால் முறிந்தால் யார் பொறுப்பு என்றார் மாமனார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தை ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இன்று நன்றாகப் படிக்கிறாள். வீட்டாருக்குப் பெருமை சேர்க்கிறாள். ஆனால் அண்மையில் அவள் வீட்டுக்குச் சென்றபோது, அலுமாரியில் துணிகளுக்கு அடியிலே அந்தப் பழைய மார்புப் பட்டை மடித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். ‘இதை ஏன் வைத்திருக்கிறாய்?’ என்று கேட்டோம். ‘அடுத்த ஆட்டம் இருக்குமென்று நினைத்தேன்’ என்றாள்.

அவள் வீட்டாரை நாம் குற்றம் சொல்லவில்லை. பிள்ளையின் நன்மைக்கென்றே சொன்னார்கள். குற்றமிருந்தால் அதில் எமக்கும் பங்குண்டு. அன்று அவளுக்காக ஒரு வார்த்தை பேச எமக்குத் தைரியம் வரவில்லை. அதற்கு ஈடாகத்தான் இன்று இம்மேடையில் பேசுகிறோம்.

நமது பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் மறுக்கப்பட்டது என்று சொல்லமாட்டோம். பாடசாலைகளில் ஆடுகிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கிடையாதது தொடர். பாடசாலை வாயிலைக் கடந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. பையன்களுக்கோ பாடசாலை விட்டபின் கடற்கரை உண்டு, ஒழுங்கைக் கிரிக்கெட் உண்டு, இச்சங்கமும் உண்டு. மாலையிலே இங்கு வந்து பாருங்கள். மேசைப்பந்தைச் சுற்றியும் கரம் பலகையைச் சுற்றியும் நிற்போர் எல்லாரும் வாலிபர். நாம் வருவது கூட்டுப் பிரார்த்தனைக்கும், கோலம் போடுவதற்கும், விழாவிலே பன்னீர் தெளிப்பதற்கும். அவற்றை மனமுவந்தே செய்கிறோம். ஆனால் செண்டா பெரன்சன் கீறிய கோடு வெள்ளவத்தையிலும் கிடக்கிறதோ என்று சில சமயம் ஐயுறுகிறோம்.

விவேகானந்த அடிகள் 1897 இல் கொழும்பில் வந்திறங்கியதை நாம் ஆண்டுதோறும் பெருமையோடு நினைக்கிறோம். கீதையையும் கால்பந்தாட்டத்தையும் இணைத்து அவர் சொன்னது இச்சங்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். பலமுள்ள தேகத்திலே பலமுள்ள மனம் என்பது வாலிபருக்கு மாத்திரம் அருளிய உபதேசமா? நாளை ஒரு குடும்பத்தையும் ஓர் உத்தியோகத்தையும் ஒரே தோளில் சுமக்கப்போகிறவளுக்கு அந்தப் பலம் வேண்டாமா?

ஆகையால் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பெரிய மண்டபம் கேட்கவில்லை. தொழின்முறைச் சம்மேளனமும் கேட்கவில்லை. தொடர்மாடி வீடுகள் எழுந்து முற்றமெல்லாம் மறைந்துவிட்ட இவ்வூரில், நூறடி நீளமான மைதானம் எளிதிற் கிடையாதென்பதும் தெரியும். சங்கத்தின் பின்வளவில் பத்தடி உயரமான ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஒரு வளையம், ஒரு பந்து, வாரத்தில் இரண்டு மாலைப் பொழுது. அவ்வளவுதான். மாதமொரு முறை பாடசாலை மைதானம் ஒன்றை இரவல் பெற்றுத் தந்தால் பேருபகாரம். கொட்டாஞ்சேனையிலிருந்து இன்று வந்திருக்கும் சகோதரிகள் எழுவரைச் சேர்த்தால், வெள்ளவத்தையில் எழுவரைச் சேர்ப்பது எம் பொறுப்பு. ஒரு முறை அங்கே, ஒரு முறை இங்கே என்று ஆடுவோம். திருமணமான அக்காமாரும் வரலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, இங்கே புன்னகை செய்த அண்ணாமார் இருக்கிறார்கள்.

யாருக்குத் தெரியும்? அவர்களுள் ஒருத்தி நாட்டுக்காக ஆடலாம். ஆடாமலும் போகலாம். இருபத்தைந்து வயதிலும் முப்பத்தைந்து வயதிலும் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுவாள். தோற்றுவிட்டு மறுநாள் சிரித்த முகத்தோடு எழும்புவாள். அதுவே போதிய கிண்ணம்.

அந்தத் தோழி இன்று இச்சபையில்தான் இருக்கிறாள். எங்கே என்று காட்டமாட்டோம். மார்புப் பட்டையை அலுமாரியிலிருந்து எடுப்பதா, விடுவதா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். கம்பத்தை நடுவதா, விடுவதா என்பதைச் செயற்குழுவின் அடுத்த கூட்டம் தீர்மானிக்கட்டும்.